கொசுக் கூண்டுக்குள் கை விட்டவர்கள்

கொசு வளர்க்கும் ஆய்வுக்கூடத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன், அங்கே கண்டதைச் சொல்கிறேன். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவைத் தலைமுறை தலைமுறையாக வளர்ப்போம். பெண் கொசு ரத்தம் குடித்தால்தான் முட்டை வைக்கும். மெல்லிய சவ்வுக்குப் பின்னால் ரத்தத்தைச் சூடாக வைத்துக் கொடுக்கும் கருவி இருந்தாலும் சில கொசுக்கள் அதைத் தொடாது. அப்போதெல்லாம் எங்கள் சீனியர் ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு, விரல் மூட்டில் கடி பட்டால் அரிப்பு தாங்காது என்பதால்தான் அந்தக் கையுறை, முழங்கை வரை கையைக் கூண்டுக்குள் விட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஓரிரு நிமிடத்தில் கொசுக்களின் வயிறு சிவந்து உப்பிவிடும், பறக்க முடியாமல் தத்தளித்துப் போய் வலையில் ஒட்டிக்கொள்ளும். காய்ச்சல் வந்தாலோ டெங்கு பரவும் ஊருக்குப் போய்வந்தாலோ அவர் கை வைக்க மாட்டார், தன் ரத்தம் வழியாகக் கூண்டுக்குள் கிருமி போய்விடக் கூடாதே என்று.

இவை கிருமி இல்லாத கொசுக்கள், அரிப்போடு போய்விடும். கிருமியுள்ள கொசுவுக்குக் கை கொடுப்பது வேறு விஷயம். அதே சீனியர் ஒரு மலேரியா சோதனையிலும் தன்னார்வலராகச் சேர்ந்தவர். வலை கட்டிய சிறு காகிதக் கோப்பையில் ஐந்து கொசுக்கள், அதைக் கையில் கவிழ்த்து வைப்பார்கள். கடித்து முடித்ததும் அந்தக் கொசுக்களை அறுத்து உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சில நாள் கழித்து தினமும் ரத்தப் பரிசோதனை, ஒட்டுண்ணி தென்பட்டவுடனே மாத்திரை. குணமாக்கும் மருந்து கைவசம் இருக்கிறது, அந்த நம்பிக்கையில்தான் சேர்ந்தேன் என்றார்.

1900இல் கியூபாவில் மஞ்சள் காய்ச்சலைக் கொசு பரப்புகிறதா என்று ஆராய்ந்தவர்களுக்கு அந்த நம்பிக்கையே கிடையாது. ஜேம்ஸ் கரோல் தெரிந்தே கடிபட்டுப் படுத்து எப்படியோ பிழைத்தார். ஜெஸ்ஸி லேசியர் பிழைக்கவில்லை, செப்டம்பர் 25இல் இறந்தபோது அவருக்கு வயது 34தான். தற்செயலாகக் கடித்தது என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் அவருடைய குறிப்பேட்டைப் பார்த்தவர்கள் வேண்டுமென்றே கடிக்க விட்டிருக்கலாம் என்று கருதினார்கள். அடுத்த ஆண்டு கிளாரா மாஸ் என்ற செவிலியர் அதே ஆராய்ச்சியின் தொடர்ச்சியில் 25 வயதில் இறந்தார், அதன் பிறகே மனிதர்கள் மேல் அந்தச் சோதனை நின்றது.

லேசியரைக் கொண்டாடுகிற அளவு கிளாராவை யாரும் பேசுவதில்லை, அது எனக்கு உறுத்துகிறது. அவர் விஞ்ஞானி இல்லைதான், ஆனால் நீட்டியது அதே கைதானே. ஆராய்ச்சிக்குத் தன் உடம்பைத் தருகிறேன் என்று யார் வந்தாலும், அவருக்கு என்ன ஆகலாம் என்பதை மறைக்காமல் சொல்லி, மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டுதான் அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும்.