தகர டப்பா ஆன்டெனா: கம்பியை எங்கே பொருத்துவது?

கேள்வி: 9 செ.மீ. விட்டமுள்ள தகர டப்பாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு ஆன்டெனா செய்து, கால் அலைநீளக் கணக்குப்படி 31 மி.மீ. செப்புக் கம்பியை, மூடிய அடியிலிருந்து அதே 31 மி.மீ. தொலைவில் பொருத்தியும் சிக்னல் முன்பைவிடக் குறைந்திருப்பது ஏன்?

மறுமொழி 1: கம்பியின் உயரம் சரி; இடந்தான் தவறு. டப்பாவினுள் அலைநீளம் ஏறத்தாழ 20 செ.மீ. ஆக நீள்வதால், அதில் கால் பங்கான 5 செ.மீ. தொலைவுக்குக் கம்பியை நகர்த்துங்கள். பலரும் இடறும் இடம் இது.

மறுமொழி 2: ரூட்டரின் ஆன்டெனா செங்குத்தாக இருந்தால் உங்கள் கம்பியும் அவ்வாறே நிற்க வேண்டும், படுத்திருந்தால் இழப்பு பெரிது. குறிவைக்கும்போது டப்பாவைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் சில நொடிகள் பொறுத்து அளவைப் பாருங்கள். சிக்னல் வலிமையின் அலகான டிபிஎம்மில் -75ஐவிட -60 வலுவானது.

கேட்டவர்: நன்றி. கம்பியை நகர்த்தியதும் -78 என்பது -66 ஆயிற்று. அடுத்து, சிக்னல் இழப்பைக் குறைக்க, ஆன்டெனாவை இணைக்கும் நீண்ட கேபிளின் நீளத்தைக் குறைக்கப் போகிறேன்.