பாட்டி கேட்ட பென்னியும் காவென்ட்ரியும்: அர்த்தம் சொல்லுங்களேன்

தஞ்சை மல்லி:
இங்கிலாந்து வந்து நான்கு மாதம் ஆகிறது. முதியோர் இல்லத்தில் வேலை. நேற்று மாலை 91 வயதுப் பாட்டி ஒருவர் என் கையைப் பிடித்து, "ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி" என்றார். ஒரு பென்னிக் காசு செலவழிக்கணும் என்கிறார், ஏதோ வாங்க ஆசைப்படுகிறார் என்று நினைத்து, அவருடைய பர்ஸை எடுத்து மடியில் வைத்தேன். பர்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அதையே மெதுவாகச் சொன்னார். நான் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்குள் நாற்காலி நனைந்துவிட்டது. "ஸாரி, டியர்" என்று அவர்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். இரவெல்லாம் எனக்குத் தூக்கமே இல்லை.

பென்னிக்கும் கழிப்பறைக்கும் என்ன சம்பந்தம்? இன்னொன்று, போன வாரம் அவரே "தே ஹாவ் சென்ட் மீ டு காவென்ட்ரி" என்றார். வேறு இல்லத்துக்கு மாற்றுகிறார்களோ என்று ஃபைலில் தேடினேன். அப்படி எதுவும் இல்லை.

லெஸ்டர் அக்கா:
மனசைப் போட்டு வருத்திக்காதே தங்கச்சி. 1851இல் லண்டன் ஹைட் பார்க்கில் பெரிய கண்காட்சி நடந்தது. ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் அங்கே கட்டணக் கழிப்பறை வைத்தார். ஒரு தடவைக்கு ஒரு பென்னி. எட்டு லட்சம் பேருக்கு மேல் போனார்களாம். அப்புறம் ஊரெங்கும் பொதுக் கழிப்பறைக் கதவுகளில் காசு போட்டால் திறக்கும் பூட்டு வந்தது. ஆண்கள் நின்றபடி போகும் இடத்துக்குப் பெரும்பாலும் காசு கிடையாது. அதனால் இது அதிகமும் பெண்கள் வாயில் வளர்ந்த பேச்சு. 1971இல் நாணய முறையே மாறியது, பேச்சு மட்டும் தங்கிவிட்டது. உன் பாட்டி சின்ன வயதில் நிஜமாகவே பென்னி போட்டுக் கதவைத் திறந்தவராக இருப்பார். நம் அப்பத்தா "கொல்லைக்குப் போகணும்" என்று சொல்வதில்லையா, அதே கூச்சம்தான்.

இதைவிட முக்கியமான ஒன்று. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "மஸ்ட்ன்ட் கிரம்பிள்" என்பார்கள். குறை சொல்லக் கூடாது என்று அர்த்தம். வலி இல்லை என்று எடுத்துக்கொள்ளாதே. "எ பிட் சோர்", அதாவது கொஞ்சம் வலிக்கிறது என்றாலும் அப்படித்தான், நன்றாகவே வலிக்கலாம். எங்கே வலிக்கிறது என்று இன்னொரு முறை கேள்.

கோவைக்காரன்:
நான் இருப்பதே காவென்ட்ரியில்தான். ஒருவரோடு எல்லோரும் சேர்ந்து பேச்சை நிறுத்திவிடுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். 1640களின் உள்நாட்டுப் போரில் இந்த ஊர் நாடாளுமன்றத்தின் பக்கம். பிடிபட்ட அரசர் படையினரை இங்கே கொண்டுவந்தார்கள், ஊர்க்காரர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கதை சொல்வார்கள். உறுதியான சான்று இல்லை. அது கிடக்கட்டும். அந்த அம்மாவோடு அங்கே யாரோ பேசாமல் இருக்கிறார்கள். அதைக் கவனியுங்கள்.

தஞ்சை மல்லி:
அண்ணா, நீங்கள் சொன்னது சரி. சாப்பாட்டு மேசையில் மற்ற மூவரும் அவரோடு பேசுவதில்லை. ஜன்னலோர நாற்காலித் தகராறாம். மேலாளரிடம் சொல்லிவிட்டேன். இன்று மதியம் நானே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். சாப்பிட்டு முடித்ததும் அவர் காதோரம் குனிந்து "ஸ்பெண்ட் எ பென்னி?" என்றேன். தலையாட்டிவிட்டு என் தோளைப் பிடித்து எழுந்தார்.