ப்ரொஃபைலோ, ஸ்கல்ப்ட்ரா, சால்மன் ஊசி: எதைப் போட்டுக்கொள்வது?

கவிதா:
எனக்கு 46 வயது. சிரித்தால் கன்னத்துத் தோல் சன்னமாக மடிகிறது, கண்ணுக்குக் கீழேயும் அப்படித்தான். நெற்றிக் கோடுகளைப் பற்றிக் கவலை இல்லை. மகள் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று மாதம். ஒரு டாக்டர் ப்ரொஃபைலோ என்கிறார், இன்னொருவர் ஸ்கல்ப்ட்ரா என்கிறார், மூன்றாமவர் சால்மன் ஊசி என்கிற பாலிநியூக்ளியோடைடு. தலை சுற்றுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

செவிலி_மீரா:
கவிதா அக்கா, தோல் டாக்டரிடம் நர்ஸாக இருக்கிறேன், இந்தக் கேள்வி தினமும் வரும். மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ப்ரொஃபைலோ ஹையலூரானிக் அமிலம். தோலுக்குள் பரவி ஈரத்தைப் பிடித்து வைக்கும். முகத்தின் ஒரு பக்கத்துக்கு ஐந்து இடத்தில் ஊசி, ஒரு மாதம் விட்டு இன்னொரு தடவை. நீங்கள் சொல்லும் கன்னத்துச் சன்ன மடிப்புக்குப் பொருத்தம். ஸ்கல்ப்ட்ரா தோலைத் தாங்கிப் பிடிக்கும் புரதமான கொலாஜனைத் தூண்டுவது, கன்னம் ஒட்டிப்போனவர்களுக்குத்தான் அதிகம் பயன்படும். பலன் தெரியவே சில மாதம் பிடிக்கும். கல்யாணத்துக்குள் எதிர்பார்க்காதீர்கள்.

நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: பிடிக்காவிட்டால் எடுக்க முடியுமா? ஹையலூரானிக் அமிலத்தை ஹையலூரானிடேஸ் ஊசி போட்டுக் கரைத்துவிடலாம். ஸ்கல்ப்ட்ராவைக் கரைக்க மருந்தே கிடையாது, உள்ளே கட்டி விழுந்தால் அதோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். கண்ணுக்குக் கீழே அதைப் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். முதல் தடவை ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் கரைக்கக்கூடியதில் தொடங்குவதுதான் நல்லது என்பேன்.

எதைப் போட்டாலும், ஊசி போட்ட இடம் வெளிறிப் போனாலோ, வலி தாங்க முடியாமல் ஏறினாலோ, பார்வை மங்கினாலோ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. ரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். அவசரத்துக்கு ஹையலூரானிடேஸ் கையில் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கிற இடம் வேண்டாம்.

சுமதி:
நான் ப்ரொஃபைலோ போட்டிருக்கிறேன். ஊசி இறங்கிய இடமெல்லாம் கொசு கடித்த மாதிரி தடித்தது, மறுநாள் அமுங்கிவிட்டது. தாடைப் பக்கம் மட்டும் ஒரு ரத்தக்கட்டு, ஒரு வாரம் இருந்தது. அதனால் கடைசி ஊசிக்கும் கல்யாணத்துக்கும் நடுவே மூன்று, நான்கு வாரமாவது விடுங்கள். முகத்தில் கரும்புள்ளி இருந்தால் அது இதில் போகாது. அதற்கு சன்ஸ்கிரீன்தான், தினமும்.

கவிதா:
ரொம்ப நன்றி. கன்னத்துக்கு ப்ரொஃபைலோ என்று முடிவு செய்துவிட்டேன். கண்ணுக்குக் கீழே மட்டும் பாலிநியூக்ளியோடைடு போடலாமா? எனக்கு மீன் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிக்கும், அது பரவாயில்லைதானே?

செவிலி_மீரா:
அக்கா, பரவாயில்லை என்று விட முடியாது. கண்ணுக்குக் கீழே போட அது ஏற்றதுதான், ஆனால் சால்மன், ட்ரௌட் மீனின் விந்திலிருந்து எடுத்த டிஎன்ஏவில் செய்வது. மீன் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நாங்கள் போடுவதில்லை. அந்த டாக்டர் இதைக் கேட்காமலே நாள் குறித்திருந்தால் முதலில் போன் செய்து நிறுத்துங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? அதையும் ப்ரொஃபைலோ போடுகிறவரிடம் சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.