பி.எல்.சி கையேட்டுக்குச் சொல் தேவை: அனலொக், டிஜிட்டல்

கொட்டகலையிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். தேயிலைத் தொழிற்சாலைகளில் பராமரிப்பு வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு பி.எல்.சி, அதாவது இயந்திரங்களை நிரல்படி இயக்கும் கட்டுப்படுத்தி பற்றிய பயிற்சி ஒன்று தொடங்குகிறோம். கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். மோட்டர், ரிலே, சென்சர் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அனலொக், டிஜிட்டல் என்ற உள்ளீட்டு வகை இரண்டுக்கு மட்டும் தமிழ் வேண்டும். அனலொக்குக்கு ‘ஒப்புமைச் சமிக்ஞை’ என்று பலகையில் எழுதினேன். “எதற்கு ஒப்பு, சேர்?” என்று ஒரு பையன் கேட்டுவிட்டான்.

பேராதனையிலிருந்து:

தம்பி, பையன் கேட்டது நல்ல கேள்வி; அதற்காகச் சொல்லின்மேல் பழி போடவேண்டாம். வெப்பம் ஏற ஏற மின்னோட்டமும் அதை ஒத்து ஏறுகிறது, ஆகவே ஒப்புமை. டிஜிட்டலுக்கு வழங்கும் ‘இலக்கமுறை’க்கு விளக்கமே வேண்டாம். வீட்டு இலக்கம், தொலைபேசி இலக்கம் என்று நாள்தோறும் புழங்குகிறோம். லகரம் மொழிக்கு முதலில் வராது என்பதால் இகரத்தை முன்னே போட்டுக்கொண்ட வடசொல் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். இலக்கு, இலக்கணம் எல்லாம் அதே குடும்பம்தான், இலக்கணத்தையும் விரட்டிவிடுவார்களா?

பண்டாரவளையிலிருந்து:

சுளிப்பவன் நான்தான் ஐயா. சமிக்ஞை போகட்டும், ‘குறிகை’ இருக்கிறது. இலக்கமுறைக்குப் பதில் ‘எண்ணிமம்’ இருக்கிறது. எண் நம்முடைய சொல். ‘இலங்கு’ என்ற வேரிலிருந்தே இலக்கம் பிறந்தது என்று வாதிடும் கட்சியும் உண்டு. அப்படியானால் உங்கள் வடசொல் கதையே விழுந்துவிடும். அதைத் தனியாக விரித்து எழுதுகிறேன்.

ஹட்டனிலிருந்து:

தயவுசெய்து விரிக்கவேண்டாம். வேர் எதுவாக இருந்தாலும் இலக்கமும் எண்ணிமமும் பையனைத் தலைகீழாகத்தான் நிறுத்தும்.

தேயிலையை உலர்த்தும் ட்ரையருக்குள் போகும் சூடான காற்றில் ஒரு வெப்பநிலை சென்சர் இருக்கிறது. அதன் வாசிப்பை மின்னோட்டமாக மாற்றி அனுப்பும் ட்ரான்ஸ்மிட்டரை 0 முதல் 200 பாகை செல்சியஸ் வரை அமைத்தால் 4 முதல் 20 மில்லிஅம்பியர் வரை அனுப்பும். 100 பாகையில் 12 மில்லிஅம்பியர். சீமன்ஸ் எஸ்7 என்ற பி.எல்.சி அதை வாங்கி 13824 என்று எழுதி வைத்துக்கொள்கிறது. முழு அளவுக்கு 27648. பக்கத்துக் கம்பி, விசிறி மோட்டரை மிகைச்சுமையிலிருந்து காக்கும் ஓவர்லோட் ரிலேயிலிருந்து வருகிறது. அதில் 24 வோல்ட் இருக்கும், அல்லது இருக்காது. பி.எல்.சி கருவிகளுக்கான ஐ.இ.சி 61131-2 என்ற சர்வதேசத் தரத்தின் முதல் வகை உள்ளீடு 15 வோல்ட்டுக்கு மேல் 1 என்றும் 5 வோல்ட்டுக்குக் கீழ் 0 என்றும் எடுத்துக்கொள்ளும். நடுவில் எதையாவது கொடுத்தால் அது என்ன சொல்லும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

இப்போது சொல்லுங்கள், எண் எந்தக் கம்பியில் வருகிறது? அனலொக் கம்பிதான் ஐந்திலக்க எண்ணாகிறது. நீங்கள் எண் என்று பெயர் வைத்த கம்பி ஆம், இல்லை என்ற இரண்டோடு நின்றுவிடுகிறது. அதற்கு ‘இருநிலை’ என்று போடுங்கள். மற்றதற்கு எந்தப் பெயரானாலும் சரி. 4 மில்லிஅம்பியரில் ஏன் தொடங்குகிறது என்பதை மட்டும் விடாமல் எழுதுங்கள். 0 பாகைக்கு 4 வரும், கம்பி அறுந்தால் 0 வரும். இது தெரியாதவன் அறுந்த கம்பியைப் பார்த்து ட்ரையர் குளிர்ந்துவிட்டது என்று எண்ணி இன்னும் சூடேற்றுவான். தேயிலை கருகும்.

நுவரெலியாவிலிருந்து:

இருநிலைக்கு என் ஆதரவு. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதே அல்ல. கொழுந்து நிறுக்கும்போது தராசு முள் எங்கே நின்றாலும் அது ஓர் அளவு. குறித்த கிலோவைத் தொட்டால் பேர், அதாவது ஒருநாள் சம்பளம் விழும், தொடாவிட்டால் விழாது. அனலொக்குக்கு ‘அளபு’ என்று வைக்கலாமா? குறிலை ‘ஓரளபு இசைக்கும்’ என்று தொல்காப்பியமே சொல்கிறது. அழகான சொல், வீணாகக் கிடக்கிறது.

பேராதனையிலிருந்து:

டீச்சர், பாதிச் சம்பளமான அரைப்பேரை எங்கே வைப்பீர்கள்? அது மூன்றாம் நிலை அல்லவா? அளபும் உங்களுக்கு உதவாது. மெய்க்கு அரை, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, அளபெடைக்கு மூன்று என்று மாத்திரையைத் துண்டுதுண்டாகத்தான் எண்ணினார்கள். அந்தச் சொல் டிஜிட்டலுக்கே பொருந்தும்.

ஹட்டனிலிருந்து:

அரைப்பேர் வாங்கியவர்களிடம் கேளுங்கள் ஐயா, அது நிலையா அளவா என்று.

பண்டாரவளையிலிருந்து:

இருநிலை தமிழ்தான், தடையில்லை. ஆனால் கருவிகள் தமக்குள் தகவல் பரிமாறும் மொட்பஸ் முறை வழியாக மின்மானி ஒன்று தன் வாசிப்பை எண்ணாகவே அனுப்புகிறதே, அதுவும் டிஜிட்டல்தானே? அதையும் இருநிலை என்பீர்களா?

ஹட்டனிலிருந்து:

அது தொடர்பாடல். அந்தப் பாடத்தில் எண்ணிமம் என்றே எழுதிக்கொள்ளுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். இங்கே பேசுவது உள்ளீட்டுப் பலகையைப் பற்றி.

கொட்டகலையிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. ‘இருநிலை உள்ளீடு’, ‘தொடர் அளவு உள்ளீடு’ என்று போடுகிறேன். நான்கு பேர் பேசினீர்கள். முதலாவதை மூவர் ஏற்கிறீர்கள். இரண்டாவதை யாரும் கேட்கவில்லை, யாரும் திட்டவும் இல்லை. அனலொக், டிஜிட்டல் இரண்டையும் தமிழ் எழுத்தில் பக்கத்திலேயே தருகிறேன், கருவியின் முகத்தில் அந்தப் பெயர்கள்தானே அச்சாகியிருக்கின்றன.

பேராதனையிலிருந்து:

‘தொடரளவு’ என்று சேர்த்து எழுதுங்கள் தம்பி. பிரித்து எழுதினால் ‘அளவைத் தொடர்’ என்று ஏவுவதுபோல இருக்கிறது. ஒப்புமையை நீக்கியதற்கு என் மறுப்பும் பதிவாகட்டும்.