இலங்கைக்கு ஸ்கூபா டைவிங் போறோம், பிளான் சரியா இருக்கான்னு பாத்து சொல்லுங்களேன்

பாளைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். அரையாண்டு லீவுல நானும் எங்க வீட்டுக்காரகளும் கொழுந்தனும் இலங்கைக்கு போயி டைவிங் செய்யலாம்னு இருக்கோம், மூணு பேரும் டேங்க் மாட்டி முங்கினதே கிடையாது ஆனா நீச்சல் நல்லா தெரியும், நான் குறுக்குத்துறை ஆத்துல பழகினவ. மதுரையில இருந்து கொழும்பு ஃப்ளைட், நேரா திருகோணமலை, நிலாவெளி புறாத்தீவு பக்கம் ரெண்டு நாள் டைவ், மறுநாள் விடியக்காலம் கார் புடிச்சு நுவரெலியா, அங்க ஒரு ராத்திரி, அப்புறம் கொழும்பு வந்து ஊருக்கு. எல்லாம் டிசம்பர் கடைசியில. அங்க ஒரு டைவ் சென்டருக்கு மெயில் போட்டா "அப்ப நாங்க திறக்க மாட்டோம்"னு ஒத்த வரி பதில் வருது, காரணம் சொல்லல. இன்னொண்ணு, சின்ன வயசுல எனக்கு காதுல சீழ் வடியும், இப்ப பல வருசமா ஒண்ணுமில்ல. இதை அங்க சொல்லணுமா? டிக்கெட் இன்னும் போடல.

தூத்துக்குடி டைவர்:
நல்லவேளை தங்கச்சி, டிக்கெட் போடாம கேட்டிய. அந்த சென்டர்காரங்க சொன்னது சரிதான். நம்மூர்ல ஐப்பசி கார்த்திகையில கொட்டுத அதே வடகிழக்கு காத்துதான் திருகோணமலையையும் அடிக்கும், கரை கிழக்க பாத்து கிடக்கு, கடல் கலங்கி அலையும் பெருசா இருக்கும், முங்கினாலும் ஒண்ணும் தெரியாது. குத்தாலத்துல சாரல் விழுத மாசங்கள்ல அங்க கடல் அமைதி, சுமாரா ஏப்ரல் கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும். தென்மேற்கு கரை இதுக்கு நேர் எதிர், ஹிக்கடுவ, உனவட்டுனவெல்லாம் நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் நல்லா இருக்கும். அதனால லீவை மாத்த வேண்டாம், ஊரை மாத்துங்க.

ஆனா எனக்கு அதைவிட பெரிய கவலை அந்த நுவரெலியாதான். டைவ் முடிச்ச மறுநாளே மலை ஏறக்கூடாது. கடல்ல 10 மீட்டர் இறங்கினாலே உடம்பு மேல அழுத்தம் ரெண்டு மடங்கு ஆயிரும், அப்ப மூச்சுல போற நைட்ரஜன் ரத்தத்துலயும் தசையிலயும் கரைஞ்சு நிக்கும், மேல வந்த பிறகும் மணிக்கணக்கா கொஞ்சங்கொஞ்சமாத்தான் வெளியேறும். அது வெளியேறுததுக்கு முன்னாடி காத்தழுத்தம் கம்மியான இடத்துக்கு போனா உள்ளயே குமிழியா மாறிரும். மூட்டு வலி, மரத்துப்போறது, முத்தினா கை கால் விழுந்துரும். ஃப்ளைட்ல போகக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், கார்ல மலை ஏறுததும் அதே ஆபத்துதான்னு நெறைய பேருக்கு தெரியாது. நுவரெலியா கடல் மட்டத்துல இருந்து 1,800 மீட்டருக்கு மேல, டைவிங் கணக்குல 300 மீட்டர் தாண்டினாலே உயரம்தான். எங்க பக்கம் கம்ப்ரசர் ஹோஸ் வச்சு சங்கு குளிக்கப் போயி இந்த குமிழி நோயில நடக்க முடியாம போனவங்க இருக்காங்க, அதான் இவ்வளவு அழுத்தி சொல்லுதேன்.

ஒரு டைவ்னா ஃப்ளைட்டுக்கு முன்னாடி கொறஞ்சது 12 மணி நேரம் இடைவெளி விடணும், பல டைவ், பல நாள்னா 18 மணி நேரம்னு கணக்கு. நாங்க 24ன்னே வச்சுக்குவோம். உங்க பிளானை அப்பிடியே திருப்பிப் போடுங்க, கொழும்புல இறங்கி மொதல்ல நுவரெலியா, அப்புறம் கடல், அப்புறம் ஒரு நாள் முழுசா காலிங்கிற ஊர்ல உள்ள கோட்டையை சுத்திப் பாத்துட்டு ஃப்ளைட்.

வண்ணார்பேட்டை நர்ஸ்:
அக்கா, காது விசயத்தை கட்டாயம் சொல்லணும். டைவுக்கு முன்னாடி ஒரு மெடிக்கல் ஃபார்ம் தருவாங்க, காது, சைனஸ், ஆஸ்துமா, இருதயம்னு கேள்வி இருக்கும், ஏதாவது ஒண்ணுக்கு ஆமான்னு போட்டா டாக்டர் கையெழுத்து கேப்பாங்க. அங்க போயி டாக்டரை தேடி அலையாம இங்கயே ஈஎன்டி டாக்டர்கிட்ட காட்டி வாங்கிட்டு போங்க. கையெழுத்துக்காக இல்லாட்டியும் காட்டணும், சீழ் வந்த காதுல சவ்வு ஓட்டை அடைபடாம இருக்கலாம், அது வழியா தண்ணி உள்ள போனா கடலுக்கு அடியில தலை சுத்தி எது மேல எது கீழன்னே தெரியாது. சவ்வு நல்லா இருந்து, மூக்கைப் புடிச்சு ஊதுனா காது திறக்குதுன்னா டாக்டர் சரின்னு சொல்ல வாய்ப்பு உண்டு. இறங்குறப்ப வலி வந்த பிறகு ஊதக்கூடாது, வலிக்கு முன்னாடியே அடிக்கடி ஊதணும், திறக்கலேன்னா கொஞ்சம் மேல வாங்க. சளி புடிச்சிருந்தா அன்னைக்கு டைவே வேண்டாம். மூக்கடைப்பு மாத்திரை போட்டுட்டு இறங்கி, கீழ வச்சு மாத்திரை வேகம் தீந்துட்டுன்னா மேல வாரப்ப காதுக்குள்ள காத்து மாட்டிக்கிட்டு ரொம்ப கஷ்டம்.

பாளைக்காரி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மலையைப் பத்தி எங்க யாருக்குமே தெரியாது அண்ணாச்சி, டிராவல்ஸ்காரங்களும் சொல்லல. நாளைக்கே ஈஎன்டி பாக்கப் போறேன். கொழுந்தன் சர்டிபிகேட் கோர்ஸ்தான் செய்வேன்னு நிக்கான், நாங்க ரெண்டு பேரும் சும்மா முங்கிப் பாத்தா போதும்னு இருக்கோம். ரெண்டும் ஒரே ஊர்ல நடக்குமா? எங்க வீட்டுக்காரக கண்ணாடி வேற போட்டிருக்காக.

தூத்துக்குடி டைவர்:
நடக்கும். நீங்க ரெண்டு பேரும் டிஸ்கவர் டைவ் எடுங்க, இன்ஸ்ட்ரக்டர் கூடவே வருவாரு, 12 மீட்டருக்கு கீழ போகமாட்டீங்க. தம்பிக்கு ஓப்பன் வாட்டர்ங்கிற சர்டிபிகேட் கோர்ஸ், அது மூணு நாலு நாள், கடல்ல நாலு டைவ், முடிச்சா 18 மீட்டர் வரைக்கும் போலாம். 200 மீட்டர் நீச்சலும் 10 நிமிசம் மிதக்குததும் கேப்பாங்க, நீச்சல் நல்லா தெரிஞ்ச பிள்ளைக்கு அது பெரிய விசயமில்ல. பாடத்தை ஆன்லைன்ல வீட்லயே படிச்சு முடிச்சுட்டு போகச் சொல்லுங்க, இல்லேன்னா லீவுல பாதி வகுப்புலயே போயிரும். மச்சானுக்கு கண்ணாடி பவர் வச்ச மாஸ்க் இருக்கான்னு சென்டர்ல முன்னாடியே கேட்டு வைங்க, சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் பழக்கம்னா அதோடயும் இறங்கலாம். டிராவல் இன்சூரன்ஸ்ல டைவிங் சேந்திருக்கான்னு வரி வரியா படிங்க, பல பாலிசியில அதை விலக்கி வச்சிருப்பாங்க.

பாளைக்காரி:
அப்ப இப்பிடி மாத்துதோம்: கொழும்பு, நுவரெலியா ரெண்டு ராத்திரி, ஹிக்கடுவ அஞ்சு ராத்திரி, காலி ஒரு ராத்திரி, ஃப்ளைட். டாக்டர் சொன்ன பிறகுதான் டிக்கெட்.

தூத்துக்குடி டைவர்:
சரியா இருக்கு. ரிட்டர்ன் ஃப்ளைட் நேரத்தை மொத மெயில்லயே டைவ் சென்டருக்கு எழுதிருங்க, கடைசி டைவ் எத்தனை மணிக்குள்ள முடியணும்னு அவங்களே பாத்து சொல்லுவாங்க.