ஜீப்ரா கோட்டில் அம்மா கேட்ட மன்னிப்பு

போன மாசம் அம்மாவை மூட்டு வலிக்குக் காட்ட ஆரணி பக்கத்துலேர்ந்து வேலூர் கூட்டிட்டு வந்தேன். ஆற்காடு ரோட்டுல ஒரு பக்கம் லாட்ஜ், எதிர்ப்பக்கம் ஆஸ்பத்திரி. நாலு நாளும் காலையிலயும் சாயந்திரமும் அந்த ரோட்டைத் தாண்டியே ஆகணும். சிக்னல் இல்லாத ஜீப்ரா கிராசிங். வெள்ளைப் பட்டையெல்லாம் டயர் ஏறி ஏறித் தேய்ஞ்சு, ஓரத்துல மட்டும் கொஞ்சம் பெயிண்ட் மிச்சம்.

ரெண்டாம் நாள் பத்து நிமிஷத்துக்கு மேல நின்னோம். பக்கத்துல ஸ்கேன் கவரை மார்போட அணைச்சுக்கிட்டு ஒரு வங்காளி அம்மா. ஒரு பஸ் மெதுவானதும் மூணு பேரும் இறங்கினோம். அம்மா வாக்கரை எடுத்து வச்சு, ஒரு காலைத் தூக்கி வச்சு, மறுகாலை இழுக்கணும். பாதி ரோடு தாண்டுறதுக்குள்ள பஸ்ஸோட இடப்பக்கத்துலேர்ந்து ஒரு பைக். பிரேக் போட்டான், முன்சக்கரம் வாக்கரோட ரப்பர் முனையில வந்து இடிச்சு நின்னுச்சு. "இன்னாம்மா, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?"னு கத்தினான். அம்மா அவனைப் பார்த்துக் கும்பிட்டு, "மன்னிச்சுக்க நைனா, கால் வரல"ன்னாங்க.

என்னால அதை இன்னைக்கும் ஜீரணிக்க முடியல. வழி அம்மாவோடது. மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், 2017 அதைத் தெளிவா சொல்லுது: சிக்னலோ போலீஸோ இல்லாத கிராசிங்கை நெருங்கும்போது ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கணும், நிக்கணும், நடக்கிறவங்களுக்கும் சக்கர நாற்காலியில வர்றவங்களுக்கும் வழி விடணும். அதுக்கு முன்னாடி இருந்த 1989 விதியும், கிராசிங்ல இருக்கிறவங்களுக்கு ஆபத்து இல்லன்னு தெரியாம உள்ள நுழையாதேன்னுதான் சொல்லுச்சு. அன்னைக்கு இது எனக்கே தெரியாது. தெரிஞ்சிருந்தா அம்மாவைக் கும்பிட விட்டிருக்க மாட்டேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தா எழுதுங்க.

— — —

நான் காட்பாடியில ஆட்டோ ஓட்டறேன். அண்ணா, படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு. எங்க பக்கத்தையும் சொல்லிடறேன். கிரீன் சர்க்கிள் பக்கம் ஒரு தடவ, ஸ்கூல் பசங்க நிக்கறாங்கன்னு கோட்டுக்கு முன்னாடி நிறுத்தினேன். பின்னாடி வந்த கார்க்காரர் ஹாரன்ல இருந்து கையே எடுக்கல. அதைவிட பயம், நான் நின்னுட்டேன்னு நம்பிப் பசங்க இறங்குவாங்க, எனக்குப் பக்கத்துல வர்றவன் நிக்க மாட்டான். உங்க அம்மாவுக்கு நடந்ததும் அதேதான். அதனால இப்பல்லாம் தூரத்துலயே வேகத்தைக் குறைச்சு, வலது கையை வெளிய நீட்டி மேலும் கீழும் ஆட்டறேன். பின்னாடி வர்றவங்க பாதிப் பேரு புரிஞ்சுக்கறாங்க.

தெரியாதுன்னு எந்த ஓட்டுநரும் சொல்லக்கூடாது. வண்டி பழகறதுக்கு முதல்ல வாங்கற லைசென்ஸ், அந்த எல்.எல்.ஆர். பரீட்சைக் கேள்வியிலேயே இது இருக்கு: கிராசிங்ல ஆளுங்க காத்திருந்தா என்ன செய்யணும்? வண்டியை நிறுத்தி, அவங்க தாண்டின பிறகு போகணும். வெள்ளைக் கோல் வச்சிருக்கிறவர் ரோட்டைக் கடந்தா அந்தக் கோலையே நிறுத்தச் சொல்ற அடையாளமா எடுத்துக்கணும்னும் ஒரு கேள்வி உண்டு.

— — —

நான் வேலூர் சத்துவாச்சாரி. எனக்கு கிராசிங்குக்கு வர்றதுக்கு முன்னாடியே பிரச்சினை. நடைபாதையில கடையும் பைக்கும் நிக்குது, ரோட்டுல இறங்கித்தான் நடக்கணும். கோயம்புத்தூர் எலும்பு டாக்டர் ராஜசேகரன் 2012-ல போட்ட சாலைப் பாதுகாப்பு வழக்குல, நல்ல நடைபாதை கேட்கறது அரசியல் சட்டம் 21-வது பிரிவுல, அதாவது உயிர் வாழற உரிமையில, வர்ற உரிமைன்னு 2025 மே மாசம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. நான் அதை பிரிண்ட் எடுத்து, எங்க தெரு படத்தோட சேர்த்து மனு கொடுத்திருக்கேன்.

— — —

முதல்ல எழுதினவன்தான். நேத்து ராத்திரி எல்லாத்தையும் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். கோர்ட்டு விஷயத்துக்குத் தலையாட்டினாங்க. அந்த எல்.எல்.ஆர். கேள்வியை மட்டும் இன்னொரு தடவ படிக்கச் சொன்னாங்க. கேட்டுட்டு, "அப்ப அந்தப் பையனும் இதுக்கு சரியான பதில் எழுதித்தான் லைசென்ஸ் வாங்கியிருப்பானா?"ன்னாங்க.