காய்ந்துபோன செங்காந்தள் மீண்டும் துளிர்க்குமா?

கேள்வி (வேளச்சேரி):
அனைவருக்கும் வணக்கம். அத்தை ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய இரண்டு செங்காந்தள் கிழங்குகளை ஆடி மாதத்தில் மாடித் தொட்டிகளில் நட்டேன். ஒன்று ஐப்பசி அடைமழையில் நீர் தேங்கி அழுகிவிட்டது. மற்றொன்று இலை நுனிச் சுருளால் கம்பியைப் பற்றி ஏறி, நெருப்புச் சுடர் போலப் பூத்தது. தை மாதத்திற்குள் தண்டு முழுவதும் காய்ந்துவிட்டது. தொடர்ந்து தண்ணீர் ஊற்ற வேண்டுமா?

பதில் 1 (மயிலாப்பூர்):
ஊற்றாதீர்கள். செடி மடியவில்லை, கிழங்கு உறங்குகிறது. இப்போது ஈரம் பட்டால்தான் அழுகும். தொட்டியை மழை படாத நிழலில் வைத்துவிட்டு, ஆனி, ஆடியில் முளை தெரிந்ததும் நீர் விடத் தொடங்குங்கள். கலப்பை வடிவிலுள்ள அந்தக் கிழங்கின் ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண்தான் இருக்கும் என்பதால், மாற்றி நடும்போது நுனி ஒடியாமல் கையாண்டு, செம்மண்ணும் ஆற்று மணலும் கலந்த கலவையில் இரண்டு அங்குல ஆழத்தில் படுக்கை வசமாக வையுங்கள்.

பதில் 2 (தாம்பரம்):
நம் மாநில மலர் என்ற பெருமை இருந்தாலும், கிழங்கு முதல் விதை வரை கோல்ச்சிசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. எடுத்து வைக்கும் கிழங்கைச் சமையலறைப் பக்கமே கொண்டு செல்லாதீர்கள். சர்க்கரைவள்ளி என்று எண்ணி உண்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் சிறு குழந்தைகள் இருக்கிறார்களா?

கேள்வி கேட்டவர்:
இருக்கிறாள், மூன்று வயது மகள். தொட்டியை இன்றே பூட்டிய அறைக்கு மாற்றிவிட்டேன். மிக்க நன்றி ஐயா.